ஏத்து மீனும் எதிரேறிய ஏடும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் பந்தல்குடி வந்திருந்தான். இப்போது தூத்துக்குடியில் லாரி செட் வைத்திருக்கிறான். வெற்றிலை பாக்குத் தட்டோடு பத்திரிகையைக் கொடுத்துக் காலில் விழுந்து எழுந்தான். வீட்டில் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "சார், அந்த மீன் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே" என்று சிரித்தான். என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1988 வாக்கில் நடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஏழாம் வகுப்புக்குத் திருஞானசம்பந்தர் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மதுரையில் சமணர்களோடு நடந்த வாதம், நெருப்பில் போட்டும் வேகாத ஏடு, வைகையில் விட்டதும் வெள்ளத்தை எதிர்த்து ஏறிப்போன ஏடு. "ஆகவே தேவாரம் தெய்வ வாக்கு என்பது நிரூபணம் ஆயிற்று" என்று முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து இவன் எழுந்தான். "சார், கண்மாய் மறுகால் போகும்போது ஏத்து மீன் எல்லாம் தண்ணிய எதுத்துத்தான் ஏறும். அப்ப மீனும் சாமி அனுப்புனதா சார்?"

வகுப்பே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இரண்டு கையிலும் பிரம்பால் அடித்து, மணி அடிக்கும்வரை வெளியே முட்டி போட வைத்தேன். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் கேள்வியே கேட்கவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான். வீட்டு நிலைமைதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறான். இருக்கலாம்.

அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவன் சம்மதத்தோடுதான். பெயர் மட்டும் போட வேண்டாம் என்றான்.

கேள்வி இதுதான். ஒரு நூலைக் கடவுள் கொடுத்தது என்று சொல்கிறோமே, அதற்கு அறிவுக்கு ஒத்த காரணம் ஏதாவது உண்டா? நம் முன்னோர்கள் என்ன காரணம் சொன்னார்கள்?

முதலில் அந்த ஏட்டுக் கதை. சம்பந்தர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. கதையை விரிவாகச் சொல்லும் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டு. இடையில் ஏறத்தாழ ஐந்நூறு வருஷம். கூன் பாண்டியன் என்ற நின்றசீர் நெடுமாறன் சமணத்தில் இருக்கிறான். அரசி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் சம்பந்தரை அழைக்கிறார்கள். அரசனின் வெப்புநோய் திருநீற்றால் தீர்கிறது. பிறகு அனல்வாதம், அதன் பிறகு புனல்வாதம். ஏடு போய் ஒதுங்கிய இடம்தான் சோழவந்தானை அடுத்த திருவேடகம். தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்று கதை முடிகிறது.

அன்று வகுப்பில் நான் இந்தக் கடைசிப் பகுதியை வேகமாகக் கடந்துவிட்டேன். சம்பந்தர் பாடல்களில் சமணரைக் கடுமையாகச் சாடும் பாட்டுகள் நிறைய உண்டு. ஆனால் கழுவேற்றத்தைப் பற்றி அவர் எங்கும் சொல்லவில்லை. நம் வட்டாரமே இதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறது. காரியாபட்டிப் பக்கம் ஆவியூரை அடுத்த குரண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்ற பெரிய சமணப் பள்ளி இருந்தது. மதுரை கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களைச் செய்வித்தவர்களில் இந்தக் குரண்டிப் பள்ளியைச் சேர்ந்த துறவிகள் உண்டு. கல்வெட்டிலேயே ஊர்ப் பெயர் இருக்கிறது. இவை சம்பந்தருக்கு இருநூறு வருஷத்துக்கும் பிற்பட்டவை. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் கோவிலாங்குளத்தில் முதலாம் குலோத்துங்கன் காலத்திலும் சமணர் வழிபாடு நடந்திருக்கிறது. அதாவது நாம் ஆடு மேய்த்த இந்தக் கரிசல் பூமியில் சம்பந்தருக்குப் பிறகும் பல நூற்றாண்டு சமணர்கள் பள்ளி வைத்து, கேட்டும் வாதாடியும் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஏட்டுக் கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். நானும் திருவேடகம் போனால் கைகூப்பித்தான் நிற்பேன். ஆனால் காரணம் என்று பார்த்தால் அது பலவீனமான காரணம். ஓர் அதிசயம் நடந்தது என்றால் அங்கே ஒரு சக்தி இருந்தது என்று தெரியும். அந்த ஏட்டில் எழுதியிருப்பது உண்மையா என்பது அதனால் தெரியாது. நம் பையன் மீனை வைத்துக் கேட்டது இதைத்தான். அதிசயம் வேறு, உண்மை வேறு. பன்னிரண்டு வயதில் அவனுக்குத் தெரிந்தது, ஆசிரியர் பயிற்சி முடித்த எனக்குத் தெரியவில்லை.

இதைவிட நல்ல காரணம் சொன்னவர்கள் இருந்தார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு மெல்ல மெல்லப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மணிமேகலையின் 27ஆம் காதையை எத்தனை பேர் படித்திருப்பீர்கள்? மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், "உங்கள் கொள்கை என்ன, சொல்லுங்கள்" என்று கேட்கிறாள். முதலில் வரும் அளவைவாதி, ஓர் உண்மையை எந்தெந்த வழியில் அறியலாம் என்று கணக்குச் சொல்கிறான். வியாசர் பத்து வழி என்கிறார், கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று பட்டியல். வேதவாதி வந்து, வேதத்துக்கு ஆதியும் இல்லை அந்தமும் இல்லை என்கிறான். ஒரு பெண் கேட்கிறாள், பெரியவர்கள் உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். யாரும் பிரம்பு எடுக்கவில்லை.

வேதம் ஆதியற்றது என்பதற்கு மீமாம்சகர்கள் சொன்ன காரணம் சுவாரசியமானது. வேதத்தைக் கடவுள் எழுதினார் என்றுகூட அவர்கள் சொல்லவில்லை. யாருமே எழுதவில்லை என்றார்கள். மனிதன் சொன்னால் மறதி, ஆசை, பொய் கலக்கும். சொன்னவனே இல்லை என்றால் இந்தக் குற்றங்களுக்கு இடமில்லை. அப்படியானால் சொன்னவன் இல்லை என்பது எப்படித் தெரியும்? குரு சீடர் பரம்பரையில் ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதி வருகிறார்கள். இத்தனை கவனமானவர்கள் ஆசிரியர் பெயரை மட்டும் மறந்திருப்பார்களா? பெயர் இல்லை, ஆகவே ஆள் இல்லை.

இதற்கு மறுப்பு தமிழிலேயே இருக்கிறது. நீலகேசி என்ற சமணக் காப்பியம். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். அதில் வேதவாதச் சருக்கம் என்று ஒரு தனிச் சருக்கமே உண்டு. அதன் சாரத்தை நம் ஊர் உதாரணத்தில் சொல்கிறேன். நம் பாட்டிமார் பாடிய தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் ஆசிரியர் பெயர் தெரியுமா? தெரியாது. அதற்காக அவை தானே தோன்றின என்போமா? ஊருணியை வெட்டியவர் பெயர் மறந்துபோனால் ஊருணியை யாரும் வெட்டவில்லை என்று ஆகிவிடாது. சொற்களைக் கோத்து வாக்கியமாக்கி, யாப்பில் அமைத்து, ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் வரும் ஒன்றுக்குச் செய்தவன் இருந்தே ஆக வேண்டும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நம் சைவ ஆசாரியர் அருள்நந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதும்போது, இந்த ஓர் இடத்தில் சமணர் பக்கம்தான் நிற்கிறார். வேதம் தானே தோன்றியது என்னும் பட்டாசாரியனை மறுத்து, சொல் என்றால் சொன்னவன் ஒருவன் வேண்டும் என்கிறார். அந்த ஒருவன் குற்றமற்ற சிவன் என்பது அவர் முடிவு. சமணர் அந்த முடிவை ஏற்கமாட்டார்கள். ஆனால் பாதி வழி இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள்.

அந்த நூலின் அமைப்பையும் கவனியுங்கள். முதல் பகுதிக்குப் பெயர் பரபக்கம். பதினான்கு எதிர்க் கட்சியார் வருகிறார்கள். முதல் ஆள் யார்? கடவுளே இல்லை என்னும் உலகாயதன். ஒவ்வொருவர் சொல்வதையும் முழுதாகச் சொல்லவிட்டு, அதன் பிறகுதான் மறுப்பு. தன் கட்சியைச் சொல்லும் சுபக்கம் இதற்கெல்லாம் அடுத்து. எதிராளிக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்ட சைவம் இது. அந்தச் சைவத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் ஒரு பையனை வெளியே முட்டி போட வைத்தேன்.

எனக்கு மிகவும் பிடித்த காரணம் நியாய நூலில் இருக்கிறது. கௌதமரின் நியாய சூத்திரம், அதற்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரை. வேதத்தின் மேல் முதலில் மூன்று குற்றச்சாட்டை அவர்களே எடுத்து வைக்கிறார்கள். சொன்னது பலிக்கவில்லை, முன்னுக்குப் பின் முரண், சொன்னதையே திரும்பச் சொல்வது. பிள்ளை வரம் வேண்டி யாகம் செய்தும் பிள்ளை பிறக்கவில்லையே என்பதுகூட அதில் வருகிறது. பிறகு பதில் சொல்கிறார்கள். அதில் முக்கியமானது மருத்துவ உவமை. ஆயுர்வேதம் சொன்ன மருந்தைச் சாப்பிட்டால் நோய் தீர்கிறது. சோதிக்க முடிந்த இடத்தில் அது உண்மை என்று தெரிகிறது. காரணம், சொன்னவர் நம்பத் தக்கவர். அதே தரத்து நம்பத் தக்கவர் சோதிக்க முடியாத விஷயத்தைச் சொன்னாலும் நம்பலாம்.

யார் நம்பத் தக்கவர்? வாத்ஸ்யாயனர் மூன்று இலக்கணம் சொல்கிறார். விஷயத்தை நேரடியாக அறிந்திருக்க வேண்டும். உயிர்களிடம் இரக்கம் இருக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் முதன்முதலில் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த ஏழாம் வகுப்பில் நின்ற எனக்கு மூன்றில் ஒன்றாவது இருந்ததா? நேரடி அறிவு இல்லை, பாடப்புத்தகம்தான். இரக்கம் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லவும் இல்லை, கழுமரத்தைத் தாண்டிக் குதித்தேனே!

நம் நாட்டோடு நிற்கவில்லை இந்த வாதம். யூதர்களின் தோரா, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்கள், கடவுள் தந்தது என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தையும் பாருங்கள். யூதர்கள் நமக்கு அந்நியர் இல்லை. 849ஆம் ஆண்டு கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் எபிரேய எழுத்தில் சாட்சிக் கையெழுத்து இருக்கிறது. ஸ்பெயினில் பிறந்த யூதா ஹலேவி என்ற கவிஞர் பன்னிரண்டாம் நூற்றாண்டில், அதாவது சேக்கிழார் காலத்தில், கசார் அரசன் ஒருவன் கேள்வி கேட்பதுபோல் ஒரு நூல் எழுதினார். ஒரு தனி மனிதன் மலையில் கடவுள் பேசினார் என்றால் சந்தேகப்படலாம். சீனாய் மலையடியில் ஆண்கள் மட்டுமே ஆறு லட்சம் பேர் நின்று கேட்டார்கள். உங்கள் தாத்தாக்கள் கேட்டார்கள் என்று ஒரு ஜனம் முழுவதையும் எப்படிப் பொய் சொல்லி நம்பவைக்க முடியும்? இதுதான் அவர் வாதம்.

வலுவான வாதம்தான். ஆனால் ஆறு லட்சம் பேரின் சாட்சியம் நமக்குத் தனித்தனியாக வரவில்லை. ஒரே நூல் வழியாகத்தான் வருகிறது. வைகைக் கரையில் கூடியிருந்த மதுரை ஜனங்கள் நமக்குச் சேக்கிழார் வழியாக வருவதுபோல.

இஸ்லாமியர் சொல்லும் காரணம் வேறு. நம் எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் நபிகள் நிலவை அழைத்த அதிசயம் உண்டு. ஆனால் குர்ஆன் தன்னைப் பற்றி வைக்கும் வாதம் அதிசயம் அல்ல. முடிந்தால் இதுபோல ஓர் அத்தியாயம் இயற்றிக் காட்டுங்கள் என்ற சவால்தான். நூலே தனக்குச் சாட்சி. நம்மாழ்வார் பாசுரத்தைத் திராவிட வேதம் என்ற வைணவப் பெரியவர்களும், தன் வாக்கு சிவன் வாக்கு என்று பாடிய சம்பந்தரும் ஏறக்குறைய இந்த வழிதான். கேட்டு உருகியவனுக்கு அது பெரிய காரணம். உருகாதவனிடம் அதைக் காரணமாக நீட்ட முடியாது.

இன்னொரு செய்தி. பைபிளில் இரண்டாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தில், யோசியா அரசன் காலத்தில் ஆலயத்தைப் பழுது பார்க்கும்போது நியாயப்பிரமாண புத்தகம் கிடைத்தது என்று வருகிறது. அரசன் அதைக் கேட்டு ஆடையைக் கிழித்துக்கொள்கிறான். நமக்கும் இதே போல ஒரு கதை உண்டே. சோழ அரசனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக் கோயில் அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைச் செல்லரித்துக் கிடந்தது. கிடைத்ததுபோக மீதி போய்விட்டது. இக்காலத்துக்கு வேண்டியது இருக்கிறது என்று வானொலி கேட்டதாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அதற்குப் பிறகும் ஒன்று நடந்தது. 1917இல் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டிலிருந்து ஏடுகளில் இல்லாத ஒரு சம்பந்தர் பதிகம் கிடைத்தது. தெய்வ வாக்கே ஆனாலும் அதைக் காப்பாற்றியது ஓலையில் எழுதியவன், கல்லில் வெட்டியவன், பூட்டைத் திறந்தவன். கரையானிடமிருந்து தெய்வமே நேரில் வந்து காக்கவில்லை.

சரி சார், நீங்கள் நம்புகிறீர்களா இல்லையா என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நம்புகிறேன். எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திருச்சுழிக் கோயிலில் ஓதுவார் பாடுவதைக் கேட்டுக் கேட்டே திருநீற்றுப் பதிகம் அவருக்கு மனப்பாடம். எனக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து பாடுவார், நெற்றியில் பூசுவார். விடிந்ததும் பஸ் ஏற்றி அருப்புக்கோட்டை டாக்டரிடமும் கூட்டிப் போவார். காய்ச்சலை இறக்கியது எது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாட்டைச் சொல்லி வாழ்ந்த அம்மா யாரிடமும் பொய் சொன்னதில்லை, வாசலுக்கு வந்தவரைச் சாதி கேட்டுச் சாப்பாடு போட்டதில்லை. அவரை நம்பினேன். அவர் நம்பியதையும் நம்பினேன்.

இது நிரூபணமா? இல்லை. காய்ச்சலுக்குச் சரியாக மருந்து தந்த டாக்டர் சொர்க்கத்தைப் பற்றியும் சரியாகச் சொல்வார் என்பது கட்டாயமில்லை. நியாய நூல் வாதத்திலும் இந்த ஓட்டை இருக்கிறது. அதனால் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது என்பது ஒன்று, நிரூபணம் ஆகிவிட்டது என்பது வேறொன்று என்று இப்போது பிரித்துச் சொல்கிறேன். அன்று நான் செய்த தப்பு நம்பியது இல்லை. "நிரூபணம் ஆயிற்று" என்று கரும்பலகை முன் நின்று சொன்னதும், அதைச் சரிபார்க்கக் கேட்டவனை அடித்ததும்தான். இரக்கம் இல்லாமல் சொல்லப்பட்டது எதுவானாலும், அது தேவாரமே ஆனாலும், கேட்கிறவன் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. வாத்ஸ்யாயனர் கணக்குப்படியே சொல்கிறேன்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் கேட்டான். "சார், இவ்வளவு இருக்குன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பேனே" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், பிள்ளை கல்யாணத்துக்கு அம்மாவையும் கூட்டிட்டு வந்துருங்க" என்று என் மனைவியைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனான்.

என்னிடம் படித்து இப்போது ஆசிரியராக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பிலும் ஒருவன் மீனைக் கொண்டு வருவான். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லுங்கள். எனக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

என்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி வேறு யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள். அடி விழாது. தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பந்தல்குடி வாத்தியார்